செல்வமலர் அக்காவின் மூத்தவன்

வேலையில் எது முக்கியம் என்று ஒவ்வொரு சொல் எழுதி மேசையில் பரப்பியிருந்த நாற்பது அட்டைகளில் ஐந்தை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழிக்கச் சொன்னார் சயூரன். ஒஸ்லோவில் வேலை பிடிக்காத சட்டத்தரணிகளுக்குப் பிடித்த வேலைக்கு வழி காட்டுவதுதான் அவருடைய தொழில்.

'சம்பளம்' என்ற அட்டையைக் கோபிகா முதலிலேயே தள்ளிவிட்டாள். 'அம்மா என்ன சொல்லுவா' என்று ஓர் அட்டை இருக்கவில்லை. இருந்திருந்தால் அதைத்தான் இறுக்கிப் பிடித்திருப்பாள்.

எட்டு வருஷமாக எண்ணெய்க் கம்பனிகளின் ஒப்பந்தங்களுக்குள் கிடந்து அலுத்துப்போயிற்று. வாடகைக்கு இருக்கிற சனத்துக்கு இலவசமாகச் சட்ட உதவி செய்யும் ஒரு சின்ன அமைப்பு அவளைக் கூப்பிட்டிருந்தது. இன்று மூன்று மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மணி இரண்டரை.

வெள்ளைக்காரரிடம் கேட்காத ஒரு கேள்வியைச் சயூரன் அவளிடம் கேட்டார். வீட்டில் சொல்லியாயிற்றா என்று.

எங்கே சொன்னாள்! முப்பத்துநாலு வயது. எதிர்த்தரப்பு வக்கீல்களை வாயடைக்க வைக்கிறவள். அம்மா என்றால் மட்டும் நடுக்கம்.

இப்பவே ஃபோன் எடுத்துச் சொல்லுங்கோ என்றார். தனியாகக் கதைக்கத் துணிவில்லை. ஃபோனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

விஷயத்தைக் கேட்ட அம்மா சத்தம் போடவில்லை. அதுதான் பொல்லாதது. வடக்கு நோர்வேயில், பாட்ஸ்பியோர்ட் மீன் ஆலையில் மீன் வெட்டி அவளைப் படிப்பித்த கதையைக்கூட எடுக்கவில்லை. நேரே, கோயிலில் பழக்கமான செல்வமலர் அக்காவின் மூத்தவனின் கதைக்குப் போனா. கோபிகா சட்டம் படித்ததே அந்தப் பெடியனைக் காட்டிக் காட்டித்தான். அவனை அவள் கண்டதில்லை, பெயரும் தெரியாது.

"அவனும் லோயர்தானே? அவன் என்ன, விட்டிட்டே ஓடினவன்?"

சரி அம்மா, யோசிக்கிறன் என்றாள் கோபிகா. அழுகை வந்தது. அட்டைகளை அள்ளி அடுக்கத் தொடங்கினாள்.

சயூரன் ஃபோனைத் தன் பக்கம் இழுத்தார். முகம் கறுத்துப்போயிருந்தது.

"அன்ரி, அந்த மூத்தவன் நான்தான். லோயர் வேலையை விட்டு மூண்டு வருஷம். அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை."

தான் ஒருத்தரிடமும் வாய் திறக்கமாட்டேன் என்று கோபிகாவின் அம்மா சத்தியம் பண்ணினா. ஒஸ்லோவில் அந்தச் சத்தியம் பின்னேரப் பூசை வரைக்கும் தாங்கினால் பெரிய காரியம்.

கோபிகா அந்த அமைப்புக்குச் சம்மதம் என்று ஒரு வரி எழுதி அனுப்பினாள். மூன்றுக்கு இன்னும் நாலு நிமிஷம் இருந்தது.

ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு எழும்பினாள். சயூரன் ஃபோனில் தன் அம்மாவின் நம்பரை எடுத்துவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுத்த விரல் போகவில்லை.

அவள் ஜக்கெட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் அவருக்கு முன்னால் கதிரையில் இருந்தாள்.