இந்த வருஷமும் அதே ஒயின் கிடங்கு

எங்கள் ஊர்த் தேவாலயப் பங்கின் சுற்றுலா இந்த வருஷமும் போர்ட்டோ நகரத்துக்குத்தான் வந்தது.

கடற்கரைக்குப் போகலாமே என்று புதிதாக வந்த பாதிரியார் கெஞ்சிப் பார்த்தார். ஒருவரும் கை தூக்கவில்லை.

காலையில் தேவாலயம். தூணிலிருந்து கூரைவரை பொன் பூசிய பழைய மரச்சிற்பங்கள். எங்கள் ஊர்க்காரன் எர்மீனியோ எதையும் அண்ணாந்து பார்க்கவில்லை. தீர்த்தத் தொட்டியில் விரல் நனைத்துச் சிலுவை போட்டவன், மிச்ச ஈரத்தில் தலைமுடியைப் படியவைத்துக்கொண்டான்.

"கல்யாண மாப்பிள்ளை கெட்டான் போ," என்றாள் பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்த சுல்மீரா. சொல்லிவிட்டு அவளே அவனுடைய டையை நேராக்கினாள்.

மதியம் பாலம் தாண்டி ஒயின் கிடங்கு. பீப்பாய் வரிசைகளுக்கு நடுவே குளிர்ந்து கிடந்தது. சுற்றிக்காட்டும் பெண்ணின் பெயர் ரூத். திராட்சையை எப்படி மிதிப்பார்கள், நுரைக்கிற சாற்றில் எப்போது பிராந்தி ஊற்றுவார்கள் என்று விளக்கினாள்.

அந்தத் திராட்சை விளைந்தது எங்கள் மலைச்சரிவில். மிதித்தது எங்கள் கால்கள். ஆனாலும் இன்றுதான் கேள்விப்படுகிறவர்கள் போல வாய் பார்த்து நின்றோம்.

"பிராந்தி ஊத்தலேன்னா என்னம்மா ஆகும்?" ஆயுள் முழுக்கத் திராட்சை மிதித்த குஷ்தோதியோ கிழவர் கேட்டார்.

"சர்க்கரையெல்லாம் சாராயமாப் போயிடும், பெரியவரே. இனிப்பே தங்காது."

"அப்படியா!"

அவள் முடிப்பதற்குள் என் மனைவி வேறொன்று கேட்டாள். பிறகு நான், பீப்பாய் என்ன மரம் என்று. ரூத் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், எங்களுக்கு அவ்வளவுதான் தேவை.

எர்மீனியோ மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோருக்கும் பின்னால், ஒரு பீப்பாயில் கை வைத்தபடி நின்றிருந்தான்.

அவன் மனைவி வீட்டைவிட்டுப் போனபோது அவள் இடுப்பில் இருந்த குழந்தைதான் ரூத். வேறொருவரை அப்பா என்று அழைத்து வளர்ந்தவள். அந்த மனிதர் நல்லவர், உயிரோடும் இருக்கிறார். அவள் மனதை எதற்குக் கலைக்க வேண்டும் என்று எங்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தான் எர்மீனியோ. வருஷத்துக்கு ஒருமுறை குரலைக் கேட்டால் போதுமாம்.

கேட்க எங்களுக்கும் கேள்விகள் தீர்ந்துபோயின.

ரூத் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து அனுப்பினாள். கடைசியாக வந்த எர்மீனியோவின் கையை மட்டும் விடவில்லை.

"இந்த வருஷமாவது கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்க, அப்பா."

நாங்கள் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தோம்.

டிரைவர் என்ஜினைக் கிளப்பிவிட்டு, எல்லாரும் ஏறியாச்சா என்று கேட்டார். சுல்மீராவின் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

"ஏறியாச்சு, நீங்க எடுங்க," என்றார் பாதிரியார்.