சிம்சிம்மின் நோட்டு

தட்டில் வைத்த கோழியும் சோறும் தொடாமல் கிடந்தன. லபீப் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, நோட்டில் 'முழுசாகச் சாப்பிட்டான்' என்று எழுதினார்.

கட்டிலடியில் கிடந்த சிம்சிம் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. பதினைந்து வயது நாய்.

"என்னடா பாக்குற? உனக்காகத்தான் இந்தப் பொய்யெல்லாம்."

அவருக்கு அலுத்துப்போயிருந்தது. எழுபத்துநாலு வயதில், தினம் காலையில் பரீட்சையில் காப்பியடிக்கிற பையன் மாதிரி உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறதே!

எல்லாம் பாரிஸில் இருக்கும் மகள் ரூலாவின் ஏற்பாடு. நாலு மாதத்துக்கு முன்பு கட்டம் போட்ட நோட்டு ஒன்றை அனுப்பிவைத்தாள். சாப்பாடு, தண்ணீர், தூக்கம், நொண்டல், கடைசியில் 'மாடி ஏறுகையில் நின்ற இடங்கள்'. தினமும் நிரப்பி, போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

பக்கத்துத் தெரு மர்வானின் நாய்க்கும் இப்படித்தான் நோட்டுப் போட்டார்கள். கெட்ட நாட்கள் கூடிப்போனதும் டாக்டர் வந்து ஓர் ஊசி போட்டார், அத்தோடு அதன் கதை முடிந்தது. மனைவி சல்மா போன பிறகு லபீப்பின் வீட்டில் மூச்சு விடுகிற இன்னொரு ஜீவன் சிம்சிம்தான். அதையும் ஒரு நோட்டை நம்பிக் கொடுத்துவிடுவாரா? அதனால்தான் கட்டம் கட்டமாகப் பொய் எழுதினார்.

கடைசிக் கட்டத்தில் மட்டும் பொய்யில்லை. சிம்சிம்தான் படியே ஏறுவதில்லையே! பெய்ரூத்தில் ஒரு நாளைக்கு மின்சாரம் வருவதே ரெண்டு மணி நேரம். அதில் லிஃப்ட் எப்போது அசையும் என்று யார் கண்டது? ரொட்டியும் தக்காளியும் பால்கனியிலிருந்து கயிற்றில் இறக்கிய கூடையில் ஏறிவந்துவிடும், நாய் வருமா? ஐந்து மாடியும் அவர்தான் தூக்கிக்கொண்டு ஏறுவார். நிற்பதும் அவர்தான், நாய்க்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஆகவே அதை உள்ளது உள்ளபடி எழுதிவந்தார்.

அன்று காலைகூட, நடை முடிந்து ஏறிவரும்போது, மூன்றாம் மாடி உம்மு ஜியாத் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தாள்.

"உக்காருங்கண்ணே. நாலு காலு இருக்கிறது சவாரி போகுது, ரெண்டு காலு இருக்கிறது சுமக்குது. நல்ல நியாயம்!"

"வாயாடாத உம்மு ஜியாத். இவன் கனக்கிற கனத்துல கை மரத்துப்போச்சு," என்று நாயை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டார் லபீப்.

இப்போது கடைசிக் கட்டத்தில் 'நாலு' என்று எழுதி, படத்தை அனுப்பினார். ஐந்து நிமிஷத்தில் ரூலா கூப்பிட்டாள்.

"எப்பிடி இருக்கீங்கப்பா?"

"அல்ஹம்துலில்லா, நல்லா இருக்கேன்." கால் முறிந்து மாவுக்கட்டோடு கிடந்தபோதும் அவர் வாயில் வந்த பதில் இதுதான்.

"நோட்டை டாக்டர்கிட்ட காட்டிட்டேன். இனிமே தள்ளிப்போடக் கூடாதுங்கறார். பதினோரு மணிக்கு வீட்டுக்கே வருவார்."

"எதுக்கும்மா? நல்லாத்தானே சாப்பிடறான்!"

"அப்பா, கதவை மட்டும் திறந்துவிடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

லபீப் போனைக் கட்டிலில் போட்டார். அவசர அவசரமாகக் கோழியையும் சோற்றையும் குப்பையில் கொட்டினார். சிம்சிம்மின் வாயைத் துடைத்து, முடியை வாரிவிட்டார். இத்தனை பொய் எழுதியும் காப்பாற்ற முடியவில்லையே என்று நினைத்தபோது அழுகை வந்தது.

பதினோரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. கையில் பையோடு டாக்டர் வாசலில் நின்று மூச்சு வாங்கினார். "அடேயப்பா, அஞ்சு மாடி!"

லபீப் நாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "பாருங்க, எப்பிடி வாலாட்டுறான்! ஊசி கீசின்னு பேச்செடுத்தீங்க, நடக்கறதே வேற!"

வால் ஆடவில்லை. அவர் விரல்தான் அதைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் உட்கார்ந்து, நாலு மாத நோட்டின் படங்களை அச்செடுத்த காகிதங்களை மடியில் விரித்தார். "இதுல எழுதினதெல்லாம் நிஜமா?"

அவ்வளவுதான், லபீப் உடைந்துபோனார். "எல்லாம் பொய். ரெண்டு நாளா ஒரு வாய் திங்கல. ஆனா அவனுக்கு வலியில்ல டாக்டர், சத்தியமா. தானா போற வரைக்கும் என்கூடவே இருக்கட்டும். உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"மாடிப்படியைப் பத்தி எழுதினது?"

"அது நிஜம். அதுல பொய் சொல்லி எனக்கென்ன ஆகப்போகுது?"

டாக்டர் தலையாட்டினார். காகிதங்களில் அந்த ஒரு கட்டத்தில் மட்டும் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது. முதல் மாதம் ஒன்று, பிறகு ரெண்டு, பிறகு மூன்று, இப்போது நாலு. அவர் பையைத் திறந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.

"நாயைக் கீழ விடுங்க, பெரியவரே. நீங்க சட்டையக் கழட்டுங்க."