இருநூறு கிராம் கல்

"ஃபேனை நிறுத்துங்க. ஜன்னலைச் சாத்துங்க. நாலு மணி நேரத்துக்கு இந்த ரூமுக்குள்ள யாரும் வரக்கூடாதுங்க."

சேலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய தராசு பரிசோதகர் பொன்னுவேல், வணக்கம் சொன்ன கையோடு சொன்னது இதைத்தான்.

பிரபாகருக்குச் சுருக்கென்றது. ஏற்காட்டில் காபி விவசாயிகள் சங்கம் நடத்தும் லேபுக்கு அவர்தான் மானேஜர். காபிக்கொட்டையில் ஈரம் எவ்வளவு என்று பார்த்து ரிப்போர்ட் கொடுக்கிற இடம். அங்கிருக்கும் தராசை வருஷா வருஷம் சரிபார்த்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பழைய ஸ்டிக்கர் தேதி முடிந்துவிட்டது. திங்கட்கிழமை ஏலம். வாசலில் சாம்பிள் பையோடு பத்துப் பேர்.

"கல்லை வச்சுப் பாக்கிறதுக்கு நாலு மணி நேரமா?"

"எடைக்கல்லு சேலத்துச் சூட்டுல இருந்து வந்திருக்குதுங்க. இந்தக் குளிருக்குப் பழகோணும். இல்லாட்டித் தப்பாக் காட்டும்."

"அப்ப தராசைக் கீழே அனுப்பியிருந்தா ஒரேடியா வேலை முடிஞ்சிருக்குமே?"

"அங்க சரி பண்றது மலை ஏறினா மாறிடுமுங்க. இருக்கிற எடத்துலதான் பாக்கோணும்."

பெட்டியைத் திறந்து தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். வெள்ளைக் கிளவுஸ். கல்லைத் தூக்கத் தனியாக ஒரு இடுக்கி. "வெறும் கையில தொட்டுறாதீங்க. விரல் ரேகை பட்டாக்கூட எடை மாறிடும்" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, தானும் வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்தார்.

லேபைக் கூட்டித் துடைக்கும் செல்வமேரி எல்லோருக்கும் டீ கொடுத்தாள்.

மாரமங்கலத்திலிருந்து வந்திருந்த அங்கப்பன் மெதுவாகக் கேட்டார். "ஏனுங்க, விரல் பட்டா எத்தனைங்க ஏறிடும்?"

"உங்க கண்ணுக்கும் தெரியாது, என் கண்ணுக்கும் தெரியாதுங்க. தராசுக்குத் தெரியும்."

'நல்லா அளக்கிறான்' என்று பிரபாகர் மனசுக்குள் நினைத்துக் கொண்டார்.

பொன்னுவேல் கொஞ்ச நேரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். ஒரு மணிக்கு உள்ளே போனார். சிறிது நேரத்தில் பெட்டியை மூடிக்கொண்டு வெளியே வந்தார்.

"இருநூறு கிராம் கல்லுல கை பட்டிருக்குதுங்க. இனி இதை வச்சுப் பாக்க முடியாது. நாளைக்கு வேற செட் கொண்டாரேன்."

பிரபாகருக்கு ரத்தம் தலைக்கேறியது.

"காலையில இருந்து எங்களையெல்லாம் ஓரங்கட்டி வச்சீரு. கடைசியில உம்ம கையே சும்மா இருக்கலையா?"

பொன்னுவேல் தலையைக் குனிந்து கொண்டார்.

"சரி, ஒரு ரேகைதானே? இதை வச்சே பாத்து ஸ்டிக்கரை ஒட்டிட்டுப் போங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"மன்னிக்கோணுமுங்க. ஒட்ட மாட்டேன்."

பிரபாகர் அங்கேயே, அத்தனை பேர் முன்னால், பொன்னுவேலின் ஆபீசுக்குப் போன் போட்டார். நடந்ததைச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தார்.

"இருபது வருஷ சர்வீஸ், உனக்குக் கல்லைப் பிடிக்கத் தெரியாதாய்யா?" என்றது மறுமுனை. "இந்த மாசம் பூரா ஆபீஸ்லயே உக்காரு. வெளிவேலை கிடையாது."

"சரிங்க சார். நாளைக்கு ஏற்காட்டை மட்டும் முடிச்சுக் கொடுத்துடறேனுங்க."

"அது உன் லீவு நாள். நீயா போய்ப் பண்றதுன்னா பண்ணு."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அதே முதல் பஸ். வேறு பெட்டி. மறுபடியும் நாலு மணி நேரம். இந்தத் தடவை பூட்டிய கதவுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

பிறகு வேலையைத் தொடங்கினார். பிரபாகர் ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார். எரிச்சலோடுதான் பார்க்க ஆரம்பித்தார். ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. இடுக்கியில் கல்லைத் தூக்கித் தட்டின் நடுவில் சத்தமில்லாமல் இறக்குவார். தராசின் கண்ணாடிக் கதவை நகர்த்துவார். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, எண் ஓடி நிற்கும் வரை காத்திருந்து எழுதுவார். அப்புறம் தட்டின் நாலு ஓரத்திலும் வைப்பார். முதலில் முரண்டு பிடித்த தராசு, அவர் சரி செய்த பிறகு பத்துத் தடவையும் கடைசிப் புள்ளி வரைக்கும் ஒரே எண்ணைக் காட்டியது.

ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று. சாயங்காலத்துக்குள் அங்கப்பன் உட்படப் பத்துப் பேருக்கும் ரிப்போர்ட் கிடைத்துவிடும்.

"வேலை சுத்தம்தான். இனிமேலாவது கையை அடக்கிக்கங்க" என்றார் பிரபாகர்.

"ஆகட்டுங்க." சிரித்துவிட்டுப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார் பொன்னுவேல்.

அவர் தலை மறைந்ததும் செல்வமேரி மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"சார், அந்தக் கல்லை அவரு தொடலைங்க. நாந்தான்."

"என்ன சொல்றே?"

"அவரு சாப்பிடப் போயிருந்தப்ப, ரூமைக் கூட்டிட்டு வான்னு நீங்கதானுங்க அனுப்பினீங்க. கல்லு மேல தூசு மாதிரி இருந்துச்சு. பாவம், அவரு பாத்தா வருத்தப்படுவாருன்னு எடுத்து முந்தானையில துடைச்சு வச்சேன். அவரு வந்ததும் உண்மையைச் சொல்லிட்டேனுங்க."

"அப்புறம் எதுக்கு அந்த ஆளு தான் தொட்டதாச் சொன்னாரு?"

"எங்கீங்க சார் சொன்னாரு? நீங்களாத்தான் அவரு கைன்னீங்க. போன மாசம் கண்ணாடி ஜாடி உடைஞ்சப்ப, 'இன்னொரு தப்பு பண்ணினா வேலைக்கு வராதே'ன்னு சொன்னீங்களே, அதைச் சொல்லி அழுதேனுங்க. 'அம்மணி, எங்க ஃபாரத்துல கை பட்டுச்சான்னுதான் கேட்டிருக்குது, யாரு கைன்னு எழுதறதுக்கு எடமே இல்ல'ன்னுட்டாருங்க."