மீல்மேக்கர் கோலா

“இனி இந்த வீட்டு அடுப்பில் ஓர் உயிர் வேகாது.”

தைப்பூசத்தன்று எழுந்து நின்று அவர் அறிவித்தது. மகள் செண்பகா அதை அழகாக எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தாள்.

அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் கோலா உருண்டை பொரித்தார்.

மீல்மேக்கர் கோலா.

முக்கால்வாசி மீல்மேக்கர்.

சகலை சாப்பிட வருகிறார். ஏழு ஞாயிறாக ஃபோனில் ஒரே கேள்வி: “என்ன சகல, இன்னைக்கும் அந்தச் சோயாப் பஞ்சா?” அந்த வாயை அடைத்தாக வேண்டும். காலையில் வாக்கிங் போன இவர், பாய் கடையில் நூறு கிராம் கொத்துக்கறி வாங்கி வேர்வைத் துண்டில் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

செண்பகா கோச்சிங் முடிந்து நாலு மணிக்குத்தான் வருவாள். இருந்தாலும் கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தார்.

சகலை வந்தார். ஒன்று தின்றார். இன்னொன்று. கண்ணை மூடிக்கொண்டார்.

“ஒத்துக்கிறேன் சகல. கறியெல்லாம் இதுகிட்ட நிக்க முடியாது.”

செண்பகாவின் அப்பா தொண்டையைச் செருமினார். உயிர், உலகம், வருங்காலச் சந்ததி என்று ஆரம்பித்தார்.

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம்.

“கிளாஸ் லீவு விட்டுட்டாங்கப்பா. அட, கோலாவா?”

ஏழு வாரமாக அவள் முட்டைகூடத் தொடவில்லை. தோழி கல்யாணத்தில் பிரியாணிப் பந்தியைத் தாண்டிப் போய் வெறும் தயிர்சாதம் தின்றுவிட்டு வந்தவள். அப்பா சொன்ன ஒரு சொல்லுக்காக.

தட்டோடு உட்கார்ந்தாள்.

அவர் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“உனக்கு வேணாம்மா. காரம்.”

“காரமெல்லாம் ஒண்ணுமில்ல. பிள்ளைக்குக் குடுங்க” என்றார் சகலை.

அவரோ ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

“எண்ணெய் வேற ஜாஸ்தி.”

இன்னொன்று.

அவள் கை நீண்டது. பாத்திரம் நகர்ந்தது.

நாலு. ஆறு. மெல்ல நேரமில்லை. நெற்றியிலிருந்து வேர்வை தட்டில் சொட்டியது.

“அம்மா, அப்பாவைப் பாரேன்.” செண்பகா சிரித்தாள். “கறி தின்ன காலத்துலகூட இந்த வேகம் இல்ல.”

அவள் குரலில் பெருமை இருந்தது.

அவர் மனைவி தண்ணீர்ச் சொம்பை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தாள்.

கடைசி உருண்டையில் எலும்புத் துண்டு ஒன்று இருந்தது.

அதையும் விழுங்கினார்.