பாட்டு ஃபோல்டர்

பழைய ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போனதில் ரெஜினா அலட்டிக்கொள்ளவில்லை. கோப்புகளெல்லாம் கணினியில் பத்திரமாக இருந்தன, நகல்தான் போயிருந்தது. புதிதாக ஒன்றை வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து, நகல் வேண்டிய ஃபோல்டர்களுக்கு ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டு வந்தாள். அவளுக்கு இது கைவந்த வேலை.

பின்னால் நின்ற கணவன் அமல்தாஸ், "அந்தப் பாட்டு ஃபோல்டரை விட்டுரு" என்றான். தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து அவன் குரல் கம்மிப்போய்த்தான் வரும். கச்சேரிகளை அத்தோடு விட்டுவிட்டான். அதன் பிறகு வீட்டில்கூட அவன் பாடி அவள் கேட்டதில்லை.

"எடம் நெறைய இருக்குங்க."

"இருக்கட்டும். அதையெல்லாம் இனிமே யாரு கேக்கப் போறா?"

அவன் குளிக்கப் போனதும் அவள் அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தாள். பழைய பாட்டுகளுக்குக் கீழே புதிய பதிவுகள் சில இருந்தன. கடைசிப் பதிவு வெள்ளிக்கிழமை, அவள் அலுவலகத்தில் இருந்த நேரத்தில் ஆனது. கேட்டுவிடலாம் என்று போன விரலை மடக்கிக்கொண்டாள். அவனே ஒரு நாள் கூப்பிட்டுப் பாடிக் காட்டுவான்.

டிக் போட்டாள். எவ்வளவு நாளுக்கு ஒரு முறை நகலெடுக்க வேண்டும் என்று கணினி கேட்டது. மற்றவற்றுக்கெல்லாம் வாரம் ஒரு முறை என்று கொடுத்தவள், பாட்டுக்கு மட்டும் மணிக்கு ஒரு முறை என்று கொடுத்தாள்.