இன்னொரு யாமினி

“வியாழக்கிழமைதானே உங்களுக்கு ஸ்கேன்? இன்னைக்கே வந்துட்டீங்க?”

புத்தூரில் டாக்டர் லோயிஸ் நடத்தும் மகளிர் கிளினிக்கின் வரவேற்பில் இருந்த கன்னிகா, பேரையும் ஊரையும் கேட்டுக்கொண்டு இப்படிச் சொன்னதும் யாமினிக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் இந்தக் கிளினிக்கின் படியேறுவதே இதுதான் முதல் தடவை.

“இல்லைங்க, நான் இப்பதான் வரேன். கல்யாணமாகி மூணு வருஷமாச்சு, இன்னும் குழந்தை இல்ல. என்னென்ன டெஸ்ட் எடுக்கணும்னு டாக்டரம்மாவைக் கேக்கலாம்னு...”

“யாமினி, வீட்டுக்காரர் பேரு கிஷோர், ஊரு நாராயணவனம். நீங்கதானே?”

“நான்தான்.”

“நான் போன வாரந்தான் வேலையில சேர்ந்தேன், முகம் தெரியாது. ஆனா ஃபைல் இருக்குதே!”

கன்னிகா ஃபைலைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு வாரத்துக்கு முந்தைய தேதி. கர்ப்பம் உறுதி, ஏழு வாரம். அதற்குக் கீழே டாக்டரின் குறிப்பு: ‘கலைத்துவிட முடியுமா என்று கேட்கிறார். யோசித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். வியாழன் காலை பதினொரு மணி.’

யாமினி அதை மறுபடியும் படித்தாள்.

“டாக்டரம்மா ஆபரேஷன்ல இருக்காங்க. கூர்ச்சோண்டி, வந்துடுவாங்க” என்று நாற்காலியைக் காட்டினாள் கன்னிகா.

யாமினி உட்காரவில்லை. அந்தப் பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்து பஸ் ஏறினாள்.

யார் வேலை என்று அவள் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மாமியார் மணியம்மா நாள் தவறாமல் ஏதாவது சொல்லிக் குத்துவாள். “நான் பதினெட்டு வயசுல இந்த ஊட்டுக்கு வந்தேன். அடுத்த வருஷமே கிஷோரைப் பெத்துக் குடுத்துட்டேன்” என்பாள். “என் அண்ணன் பொண்ணு ஹரிதாவைக் கட்டியிருந்தா இந்நேரம் ரெண்டு புள்ளைங்க ஓடிக்கினு இருக்கும்” என்பாள். போன வாரம், புத்தூர் டாக்டரிடம் காட்டப்போவதாக யாமினி சொன்னபோது மட்டும் பதறினாள். “அங்க வாணாம். திருப்பதியில பெரிய ஆஸ்பத்திரி இருக்குது, நானே இட்டுக்கினு போறேன்.”

அன்று அதை அக்கறை என்று நினைத்து நெகிழ்ந்துபோனதை எண்ணி யாமினி பல்லைக் கடித்தாள். ‘வயிற்றில் வந்த வாரிசை யாருக்கும் தெரியாமல் கலைத்துவிட்டாள்’ என்று நாலு பெரியவர்கள் முன்னால் மாமியார் அந்தக் காகிதத்தை நீட்டினால் போதும். தை மாதத்துக்குள் ஹரிதா அந்த வீட்டில் விளக்கேற்றிவிடுவாள்.

சாயங்காலம் ஸ்ரீசிட்டி ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்த கிஷோரிடம் படத்தைக் காட்டினாள். அவன் இரண்டு தடவை படித்தான்.

“எங்கம்மாவுக்கு வாய் ஜாஸ்தி. அதுக்காக இந்த மாதிரி வேலையெல்லாம் செய்யாது.”

“அப்போ கலைக்கப் போனது நான்னு சொல்றீங்களா?”

கிஷோர் மூன்றாம் தடவையாக அந்தப் படத்தைப் பார்த்தான். அந்த ஒரு விநாடி யாமினியைக் கொன்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

அவன் பின்னாலேயே வந்தான். “அழாத. வியாழக்கிழமை லீவு போடறேன். யார் வராங்கன்னு நேராவே பாத்துடலாம்.”

புதன்கிழமை சாப்பிடும்போது மணியம்மா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். “நாளைக்குக் காலையில நகரிக்குப் போய்க்கினு வரேன். ஒரு துக்கம் விசாரிக்கணும்.”

கிஷோர் யாமினியைப் பார்த்தான். பாதித் தட்டோடு எழுந்துவிட்டான்.

வியாழன் காலை இருவரும் கிளினிக்குக்கு எதிரே இருந்த ஜூஸ் கடையில் காத்திருந்தார்கள். பதினொன்றாக ஐந்து நிமிடம் இருக்கும்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. தலையில் முக்காடும் முகத்தில் மாஸ்க்குமாக இறங்கியவளை மகனுக்கு அடையாளம் தெரியாதா? இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மணியம்மா விறுவிறுவென்று உள்ளே போனாள்.

“பாத்தீங்களா? கலைச்சாச்சுன்னு எழுதி வாங்க வந்திருக்கறாங்க” என்றாள் யாமினி. கிஷோரின் முகம் செத்துப்போயிருந்தது.

அவர்கள் உள்ளே நுழைந்ததும் கன்னிகா குழம்பிப்போய் எழுந்தாள். “யாமினி இப்பதானே உள்ள போனாங்க! அப்போ நீங்க யாரு?”

“அதைக் கேக்கத்தான் வந்திருக்கறோம்!”

கன்னிகா தடுப்பதற்குள் கிஷோர் கதவைத் தள்ளிக்கொண்டு போனான். டாக்டரின் நாற்காலி காலியாக இருந்தது. மூலையில் தொங்கிய பச்சைத் துணிக்குப் பின்னால் பேச்சுக்குரல் கேட்டது.

“ஏம்மா, இவளைத் துரத்தணும்னா என்கிட்ட சொல்லக் கூடாதா?” அவன் குரல் உடைந்தது. “இவ பேர்ல கள்ள ஃபைல் போடற அளவுக்கு வந்துட்டியே! நாளைக்கு இவ எப்படி வெளியில தலைகாட்டுவா?”

யாமினி துணியை விலக்கினாள்.

மணியம்மா படுக்கையில் படுத்திருந்தாள். மருமகளைப் பார்த்ததும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“உன்னத் தொரத்தறதுக்கு இல்லடி! என் பேரை நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு குடுப்பேன்? ஊரே சிரிக்காதா? உங்க மாமனாருக்கே இன்னும் சொல்லல...”

“சத்தம் போடாதீங்க. யார் நீங்க?” என்று டாக்டர் லோயிஸ் கோபமாகத் திரும்பினார்.

“இவங்க பையன்.”

டாக்டர் மணியம்மாவைப் பார்த்தார். பொத்திய கையை எடுக்காமலே அவள் தலையசைத்தாள். டாக்டர் ஸ்கேன் மானிட்டரைக் கிஷோர் பக்கம் திருப்பினார்.

திராட்சைப் பழ அளவில் அதில் துடித்துக்கொண்டிருந்தது, அவனுடைய தம்பியோ தங்கையோ.