மூன்று இலை

இறந்துபோன என் கணவரின் நினைவுகள் பேசும் மென்பொருளாக எங்கள் வீட்டுப் பழைய கணினியில் மட்டுமே ஓடின. அவரோடு பேச வேண்டுமென்றால் பிள்ளைகள் மூவரும் திதியன்று இங்கே வந்தே ஆகவேண்டும். கணினி பழுதானால் அவரும் போய்விடுவாரே என்ற பயத்தில், எந்த இயங்குதளத்திலும் எந்த பிராசஸரிலும் ஓடும்படி அந்த மென்பொருளை நானே மூன்று மாதம் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். பிள்ளைகளுக்கும் பெருமையாக அனுப்பினேன்; எங்கே ஓடினாலும் எல்லாம் ஒரே அவராக இணைந்திருக்கும்.

இந்த வருடத் திதிக்கு மூவருக்கும் இலை போட்டுக் காத்திருந்தேன். மூத்தவள் பூங்கோதை போன் செய்தாள்.

"அப்பா என் கார்லயே பேசறாரும்மா. தம்பிங்க வீட்லயும்தான். அப்புறம் எதுக்கு அலையணும்?"

பழைய கணினியிடம் போய் உட்கார்ந்தேன். "பசங்க யாரும் வரலீங்க."

"எல்லாரும் எங்கூடத்தான் இருக்காங்க," என்றார் உற்சாகமாக. "நீ காத்திருக்காம சாப்பிட்டுடு."